குழந்தைகள் மருத்துவமனைக்கு எந்த தீம்? அதைவிட முக்கியம், எந்த அறைக்கு?

ராமநாதபுரம் பக்கத்தில் குழந்தை மருத்துவராக இருக்கும் என் நண்பர் தன் மருத்துவமனையைப் பெரிய இடத்துக்கு மாற்றுகிறார். இரண்டு தளம், 30 படுக்கை. கட்டட வேலை முடியும் கட்டத்தில் இருக்கிறது. மருத்துவமனைகளுக்கு உள்வேலை செய்து கொடுப்பது என் தொழில். அதனால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "காடு தீம் போடலாமா, கடல் தீம் போடலாமா?" கையில் மூன்று கொட்டேஷன் வைத்திருந்தார். மூன்றிலும் பாதிக்கு மேற்பட்ட பணம் வரவேற்பறைக்கே போயிருந்தது. ஃபைபரில் செய்த மரம், அதில் தொங்கும் குரங்கு, கூரை வரைக்கும் கழுத்தை நீட்டும் ஒட்டகச்சிவிங்கி.

அந்த ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததும் எனக்கு என் மகள் ஞாபகம்தான் வந்தது. நான்கு வயதில் அவளுக்கு நிமோனியா. பெரிய நகரம் ஒன்றில் பேர்போன மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே நுழைந்ததுமே ஒரு பெரிய ஒட்டகச்சிவிங்கி. காய்ச்சலோடு ஓடிப்போய் அதன் காலைக் கட்டிக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து டிரிப்ஸ் ஊசி குத்த ஒரு சின்ன அறைக்குள் தூக்கிப் போனார்கள். நான்கு பக்கமும் வெள்ளை டைல்ஸ், ஸ்டீல் தட்டு, கண்ணைக் கூசும் ட்யூப்லைட். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஐந்து நாள் கழித்து வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் மறுபடி காட்டப் போனபோது, வாசலில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்ததுமே வீறிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பிள்ளையின் மனதில் பொம்மையும் ஊசியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. பொம்மை நன்றாகத்தான் இருந்தது. அது நின்ற இடம் ஒன்று, பிள்ளை பயந்த இடம் வேறொன்று. அதனால் நண்பரிடம் காடா கடலா என்பதை ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னேன். உலகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் எங்கே பணத்தைப் போட்டார்கள் என்று முதலில் பார்ப்போம் என்றேன். நாங்கள் உட்கார்ந்து பார்த்ததில் நாலு வழி தெரிந்தது.

கட்டடம் முழுக்க ஒரே கதை

ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தின் ராயல் குழந்தைகள் மருத்துவமனைதான் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 2011இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். உள்ளே இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு மீன்காட்சித் தொட்டி. மீர்கட் என்ற கீரி இனத்துச் சின்ன விலங்குகளுக்குத் தனி அடைப்பு. வார்டுகளுக்குக் கோலா, கூக்கபரா, பிளாட்டிபஸ் என்று அந்த நாட்டு உயிரினங்களின் பெயர். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வண்ணத்துப்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட "நான் கோலாவில் இருக்கேன்" என்று சொல்ல முடியும். மூன்றாவது மாடி, பி பிளாக், 314 என்பதெல்லாம் பெரியவர்களுக்கே குழப்பம்.

தாய்லாந்தில், சமுத் சாக்கோன் என்ற ஊரில் இ.கே.எச். குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 2019இல் வந்தது. அங்கே வரவேற்புக் கூடத்தில் சறுக்குமரமே வைத்துவிட்டார்கள். ஓபிக்கு வந்து காத்திருக்கும் பிள்ளை ஏறிச் சறுக்கி விளையாடலாம். நீச்சல் குளமும் உண்டு. காத்திருக்கும் நேரம்தான் பிள்ளைகளின் பயம் ஊறும் நேரம். அதைப் புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள். கூடவே வந்த அண்ணன், தங்கைக்கும் அது பெரிய ஆறுதல்.

ஆனால் 30 படுக்கை மருத்துவமனைக்கு இந்த வழி சரிப்படாது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், பராமரிப்பை யோசியுங்கள். மீன்தொட்டி என்றால் தினமும் பார்க்க ஆள் வேண்டும். கொட்டேஷனில் ஒருவர் செயற்கை நீரூற்று போட்டிருந்தார். அதை அந்த இடத்திலேயே அடிக்கச் சொன்னேன். மழைக்காலத்தில் நம் வார்டுகளில் டெங்குப் பிள்ளைகள் நிறைந்துவிடுகிறார்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்கிய நல்ல தண்ணீரில். மோட்டார் பழுதாகி நாலு நாள் நின்றால் அந்த நீரூற்றே கொசுப்பண்ணை.

சுத்தம் செய்வதும் அப்படித்தான். ஃபைபர் மரத்தின் கிளை இடுக்கில் சேரும் தூசியை யார் துடைப்பது? நெபுலைசர் வைக்கும் வீசிங் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது. மருத்துவமனைச் சுவரை பிளீச்சிங் கரைசல் போட்டுத் துடைப்பார்கள், அதற்குத் தாங்குகிற பெயிண்ட் வேண்டும். சாதா டிஸ்டெம்பரில் வரைந்த சிங்கம் ஒரே வருடத்தில் முகம் அழிந்து நிற்கும். வினைல் ஸ்டிக்கர் ஓரம் பிரிந்துவிடும், பிரிந்த ஓரத்தைப் பிள்ளைகள் உரித்துக்கொண்டே இருப்பார்கள். பஞ்சடைத்த கரடி பொம்மையைப் பொது இடத்தில் வைக்கவே கூடாது. ஒரு பிள்ளையின் சளி அடுத்த பிள்ளைக்குப் போவதற்கு அதைவிட நல்ல வாகனம் கிடையாது.

இன்னொன்று. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று பெரியவர்கள் நினைப்பதும், பிள்ளைகளுக்கு உண்மையில் பிடிப்பதும் வேறு வேறு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 4 முதல் 16 வயது வரையுள்ள 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மருத்துவமனை அலங்காரம் பற்றிக் கேட்டார்கள். 2008இல் முடிவு வெளியானது. கோமாளிப் படம் ஒருவருக்குமே பிடிக்கவில்லை. வளர்ந்த பிள்ளைகளில் சிலருக்குக்கூட அது பயமாக இருந்ததாம். நம் ஊரிலும் பல் தெரியச் சிரிக்கும் புலியை, உற்றுப் பார்க்கும் பெரிய கண்களை வார்டு சுவரில் வரைகிறோம். 103 டிகிரி காய்ச்சலில் ராத்திரி இரண்டு மணிக்குக் கண் விழிக்கும் பிள்ளைக்கு, மங்கலான வெளிச்சத்தில் அந்தப் புலி எப்படித் தெரியும்? படுக்கைக்கு நேர் எதிரில் முகமே வரையக்கூடாது என்பது என் கட்சி. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு நாலு பக்கமும் கொட்டும் நிறங்களே தாங்காது. 11 வயதுப் பையனுக்கோ முயல் படம் போட்ட வார்டில் படுப்பது அவமானம்.

பயப்படும் இடத்துக்கு மட்டும் கதை

இந்த வழிக்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. டக் டீட்ஸ் என்பவர் ஜி.இ. என்ற அமெரிக்க நிறுவனத்தில் ஸ்கேன் கருவிகளை வடிவமைத்தவர். தான் வடிவமைத்த எம்.ஆர்.ஐ. கருவி ஒரு மருத்துவமனையில் எப்படி ஓடுகிறது என்று பெருமையோடு பார்க்கப் போனார். அங்கே ஒரு சின்னப் பெண் அம்மா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே ஸ்கேன் எடுக்க வந்தாள். அசையாமல் படுக்க முடியாத பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதுதான் வழக்கம் என்பதையும் தெரிந்துகொண்டார். தன் கருவியைப் பிள்ளையின் கண்ணால் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

கருவியின் உள்ளே அவர் எதையும் மாற்றவில்லை. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையோடு சேர்ந்து அந்த அறையை மாற்றினார். தரை, சுவர், கருவியின் வெளிப்பக்கம் எல்லாவற்றிலும் படம் வரைந்தார்கள். ஓர் அறை கொள்ளையர் கப்பல் ஆனது, இன்னோர் அறை காடு. ஆனால் வேலை செய்தது படம் மட்டுமில்லை. ஸ்கேன் எடுக்கும் ஊழியர்கள் பேச வேண்டிய பேச்சையும் எழுதிக் கொடுத்தார்கள். படுக்கும் பலகையை ஓடம் ஆக்கினார்கள். "ஓடம் ஆடாமல் அப்படியே படுத்திரு, மீன்கள் உன்மேல் துள்ளிப் போகும் பார்" என்பார்கள். பிள்ளை மூச்சுக்கூட மெதுவாக விடும். அசையாதே என்று அதட்டுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! மயக்க மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே நன்றாகக் குறைந்தது. மயக்கம் கொடுப்பதென்றால் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, அனஸ்தீசியா டாக்டர் வேண்டும், தெளியும் வரை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது குறைவது பிள்ளைக்கும் நல்லது, மருத்துவமனைக்கும் நல்லது.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு மருத்துவமனையில் 2012இல் வேறு மாதிரி செய்தார்கள். ஆப்பரேஷன் தியேட்டருக்குப் போகும் நடைவழியில் காடு போல ஒரு சுவர். உள்ளே விளக்குகள் பதித்திருக்கிறார்கள். பிள்ளை போகப் போக மான், குதிரை, தவளையின் ஒளி உருவங்கள் மரங்களுக்கு நடுவில் தோன்றி மறையும். தியேட்டர் கதவுக்கு முந்தைய அந்தச் சில நிமிடங்கள்தான் அவர்கள் குறி. அழகான வேலை. ஆனால் சென்சார் பழுதானால் பார்க்க எங்கள் ஊரில் ஆள் கிடையாது. கரண்ட் போனால் வெறும் இருட்டுச் சுவர்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, அது எவ்வளவு சின்ன மருத்துவமனைக்கும் பொருந்தும் என்பதே. நண்பரிடம் எம்.ஆர்.ஐ. கிடையாது. எக்ஸ்ரே உண்டு, ஊசி போடும் அறை உண்டு, நெபுலைசர் உண்டு, ஒரு சின்ன தியேட்டர் உண்டு. பிள்ளைகள் அழுவது இந்த நாலு இடத்தில்தான். அங்கே வேலை பார்க்கும் மூத்த சிஸ்டர் ஒருவரிடம் கேட்டோம். யோசிக்காமல் சொன்னார்: "ஊசி ரூம்தான் சார். மத்ததெல்லாம் அப்புறம்."

கொள்ளையர் கப்பல் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனால் பாம்பன் பாலத்தில் ரயில் போவது ராமநாதபுரத்துப் பிள்ளை எல்லோருக்கும் தெரியும். 1914இல் கட்டிய பழைய பாலத்தையும், 2025இல் திறந்த, நடுவில் மேலே தூக்கும் புதிய பாலத்தையும் பற்றி வீட்டில் பேசிக் கேட்டிருப்பார்கள். அதனால் தியேட்டருக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கடல், ஸ்ட்ரெச்சர்தான் ரயில் என்று முடிவு செய்தோம். நெபுலைசரை இன்ஜின் ஆக்கிவிட்டோம். அதன் சத்தமும் முகமூடியிலிருந்து வரும் புகையும்தான் பிள்ளையைப் பயமுறுத்துகின்றன. "நீதான் டிரைவர், புகை நிக்கிற வரைக்கும் வண்டி ஓட்டணும்" என்று சொல்லிவிட்டால் அதே சத்தமும் புகையும் விளையாட்டாகிவிடும். செலவு ஒரு பெயிண்டரின் ஒரு வாரக் கூலியும், சிஸ்டர்களுக்கு அரைநாள் பயிற்சியும்.

படத்தை எந்த உயரத்தில் வரைவது என்பதிலும் பெரும்பாலும் தப்பு செய்கிறோம். பெரியவர் கண் உயரத்தில் ஐந்தடியில் வரைகிறோம். நடக்கும் பிள்ளையின் கண் மூன்றடியில் இருக்கிறது. இடுப்பில் இருக்கும் பிள்ளை அம்மாவின் தோளுக்குப் பின்னால் பார்க்கிறது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தெரிவது கூரை மட்டும்தான், நாம் அங்கே ட்யூப்லைட்டைத் தவிர ஒன்றும் வைப்பதில்லை. தியேட்டர் வழியில் முதலில் வரைய வேண்டியது மேல்பக்கம்.

ஊசி அறையில் வலியையும் மறந்துவிடக்கூடாது. என்னதான் கடல் வரைந்தாலும் ஊசி குத்தினால் வலிக்கும். லிக்னோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் விட்டால் தோல் மரத்துப்போகும். அவசரத்துக்கு ஆகாது, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு என்பதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். ஆனால் முன்கூட்டியே தெரிந்த ரத்தப் பரிசோதனைக்கு ஏன் தடவக்கூடாது? நண்பர் தன் ஓபியில் அதைச் செய்ததில்லை. இனி செய்கிறேன் என்றார். நான் போட்டுக் கொடுத்த எந்தப் படத்தையும்விட எனக்கு அதில்தான் சந்தோஷம்.

வெளிச்சமும் மரமும்

லிவர்பூல் நகரத்து ஆல்டர் ஹே மருத்துவமனை 2015இல் ஒரு பூங்காவுக்குள்ளேயே புதிதாக எழுந்தது. வடிவமைக்கும்போது பிள்ளைகளை வரையச் சொல்லி அந்தப் படங்களிலிருந்து யோசனை எடுத்தார்கள். பழைய கட்டடத்தை இடித்த இடத்தையும் பூங்காவோடு சேர்க்கும் திட்டம்.

ஜன்னல் வழியே மரம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட ஆய்வைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆப்பரேஷன் செய்தவர்களில், மரம் தெரியும் ஜன்னல் கிடைத்த 23 பேரையும் செங்கல் சுவர் தெரியும் ஜன்னல் கிடைத்த 23 பேரையும் ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலி மருந்து அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை. அதனால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் சாதிக்க நான் வரவில்லை. ஆனால் நண்பரின் மனையில் ஏற்கெனவே ஒரு வேப்ப மரம் நிற்கிறது. ஜெனரேட்டர் வைக்க அதை வெட்டப் பார்த்தார்கள். ஜெனரேட்டரைப் பின்பக்கம் தள்ளச் சொன்னேன். அந்தப் பக்க ஜன்னல்களின் அடிமட்டத்தையும் இறக்கச் சொன்னேன், படுத்திருந்தாலும் மரம் தெரியும். கொசுவலை அடித்தால் போதும். மரத்தடியில் ஒரு திண்ணை.

ஜெனரேட்டரைத் தள்ளியதில் சத்தமும் போயிற்று. ராத்திரி வார்டுக்குள் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கிட்டத்தட்டக் கிசுகிசுப்பு அளவு. நம் வார்டுகளில் நடு ராத்திரியில் இழுத்துப் போகும் டிராலிச் சக்கரமே அதைத் தாண்டும். ரப்பர் சக்கரம் போடச் சொன்னேன்.

ஆள்

கடைசி வழியில் சுவரே கிடையாது. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் லண்டனில் ஒரு குறும்படம் எடுத்தார். தொப்புள் குடலிறக்க ஆப்பரேஷனுக்காக எட்டு நாள் தனியாக மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றியது. அந்தக் காலத்தில் அங்கே அம்மாக்களைக் கூடவே இருக்க விட மாட்டார்கள். நாளாக ஆக அந்தப் பிள்ளை அடங்கிப்போவதைப் படம் காட்டியது. நல்ல பிள்ளையாக இருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தது உண்மையில் துக்கம். மருத்துவமனையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி 1959இல் பிரிட்டனில் வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னப் பிள்ளைகளின் அம்மா கூடவே தங்க வழி செய்ய வேண்டும் என்று சொன்னது. அமெரிக்காவில், வியன்னாவிலிருந்து போன மாண்டிசோரி ஆசிரியை எம்மா பிளாங்க், 1955இல் கிளீவ்லாந்து மருத்துவமனை ஒன்றில், பிள்ளைகளோடு விளையாடி, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிக் கொடுக்கவே தனி ஆட்களை வைத்தார்.

நம் ஊரில் அம்மாவைப் பிரிப்பதில்லை, அது நம் பலம். ஆனால் அம்மாவுக்கு இடம் கொடுக்கிறோமா? ஸ்டூலில் உட்கார்ந்தபடி, கட்டிலின் ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்குகிறார். முக்கியமான நேரத்தில், அதாவது ஊசி குத்தும்போது, "நீங்க வெளிய இருங்கம்மா" என்கிறோம். அம்மா மடியில் மார்போடு அணைத்து உட்காரவைத்தே பெரும்பாலான ஊசிகளைப் போடலாம். படுக்கவைத்து அமுக்கத் தேவையில்லை. ஊசி அறைக்கு ஒரு நல்ல நாற்காலி வேண்டும், அவ்வளவுதான். அதைத்தான் முதலில் வாங்கினோம்.

தூளிக்கும் யோசித்தோம். வீட்டில் தூளியில் தூங்கிப் பழகிய பிள்ளை கட்டிலில் தூங்காது. அம்மாக்கள் ஜன்னல் கம்பியில் சேலையைக் கட்டிவிடுகிறார்கள், அது ஆபத்து. அதனால் டிரிப்ஸ் ஏறாத பிள்ளைகளுக்காக, எடை தாங்குகிறதா என்று சோதித்த கொக்கியை வார்டின் ஒரு மூலையில் கான்கிரீட்டிலேயே பதிக்கச் சொன்னேன். சிஸ்டரின் மேசையிலிருந்து பார்த்தால் தெரியும் மூலை அது.

பெற்றோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்வேன்" என்று வீட்டில் மிரட்டுவதை நிறுத்தச் சொல்லி ஓபி சீட்டின் பின்னால் அச்சடிக்கப் போகிறார் நண்பர். பிள்ளை பிறந்ததிலிருந்து டாக்டரைப் பூச்சாண்டியாகக் கேட்டு வளர்ந்தால் எந்தப் பாலத்தை வரைந்து என்ன பயன்?

எங்கள் முடிவு

200 படுக்கையும் நிரந்தரப் பராமரிப்பு ஆட்களும் இருக்கும் இடமென்றால் நானே மெல்போர்ன் மாதிரி யோசிக்கச் சொல்வேன். அங்கே கதைப் பெயர்கள் வழி கண்டுபிடிக்கவும் உதவும். மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த முஸ்கான் திட்டத்தில் குழந்தைக்கு இணக்கமான சேவை என்று பேசும் அரசு மருத்துவமனைகளுக்கு, எதையும் வரைவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு படுக்கை என்பேன். 30 படுக்கைக்கு எங்கள் வரிசை இது: முதலில் ஊசி அறை, அதற்குள் அம்மாவின் நாற்காலியும் மரத்துப்போக வைக்கும் களிம்பும். அடுத்து தியேட்டர் வழியின் கூரை. அப்புறம் வேப்ப மரமும் ஜன்னலும். தினமும் மாலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு விளையாட, பக்கத்துப் பாலர் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையிடம் பேசியிருக்கிறார் நண்பர். மிச்சமிருக்கும் பணம்தான் வரவேற்பறைக்கு. அங்கே சுவரில் மூன்றடி உயரத்தில் ஒரு கரும்பலகை, கீழே சாக்பீஸ் டப்பா. ஒட்டகச்சிவிங்கி வேண்டும் என்றால் பிள்ளைகளே வரைந்துகொள்ளட்டும்.

ஒன்றில் மட்டும் இன்னும் முடிவு ஆகவில்லை. தியேட்டர் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவை விடலாமா, பிள்ளைக்கு மயக்கம் வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாமா என்று. அனஸ்தீசியா டாக்டர் தயங்குகிறார், அவருடைய காரணங்களும் நியாயமானவை. நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து பேசுகிறார். விட முடிந்தால், பாலத்தின் கடைசிக் கண் வரைக்கும் அம்மாவும் ரயிலில் போவதாகக் கூரைப் படத்தை நீட்டச் சொல்லியிருக்கிறேன். பெயிண்டர் அதுவரை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறார்.